செய்மதிக் கணக்கு

"வாப்பா, ஒரு கணக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் குடுக்கோணும்," என்றபடி விறாந்தையில் வந்து உட்கார்ந்தாள் மூத்த மகள் றிஸ்னா. அவள் கணித ஆசிரியை.

ஸலாஹுதீன் மாஸ்டரின் முகம் மலர்ந்தது. கணக்கு என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஓய்வு பெற்ற பிறகு யார் அவரிடம் கணக்குக் கேட்கிறார்கள்?

அதிலும் இப்போது இருப்பிடப் பேச்சைத் தவிர வீட்டில் வேறு பேச்சே இல்லை. கடைக்குட்டி நிஹ்லாவுக்கும் கலியாணம் முடிந்து, இந்த வீடும் ஊர் வழக்கப்படி அவள் பெயருக்குப் போய்விட்டது. மூன்று மகள்மாருக்கும் மூன்று வீடு கொடுத்தாயிற்று.

"இனி நாம ரெண்டு பேரும் எங்க இரிக்கிற?" என்று மனைவி ஸகியா கேட்டபடியே இருந்தாள்.

"எங்க எண்டாலும் ஒண்டா இரிப்பம்," என்று அவரும் சொன்னபடியே இருந்தார். அவருக்கு வேறு ஆசை இல்லை.

"சொல்லுங்க மகள்," என்றார் மாஸ்டர்.

"வானத்தில ஏவுற செய்மதி ரெண்டு. பெரிசு ஒண்டு, சின்னது ஒண்டு. மூண்டு சுற்றுப்பாதை. ஒரு பாதையில ஒண்டைத்தான் வைக்கலாம்."

"ஏன், ரெண்டையும் ஒண்டா வெச்சா என்ன?" குசினியிலிருந்து ஸகியா கேட்டாள்.

"பாதை தாங்காது உம்மா." றிஸ்னா அந்தப் பக்கம் திரும்பவில்லை. "பெரிசு மேல் பாதைக்கு ஏறாது. சின்னது நடுப் பாதைக்கு ஒத்து வராது. எத்தின விதமா வைக்கலாம் வாப்பா?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தடை இல்லாட்டி ஆறு விதம். தடையப் போட்டா மூண்டுதான்."

"அந்த மூண்டில எது நல்லம்?"

"அதையும் நான்தான் சொல்லோணுமா?"

"நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க வாப்பா."

"அப்ப சின்னதக் கீழ்ப் பாதையில வைங்க. பெரிச நடுவில போடுங்க. வேற யோசின வேணாம்," என்றார். பிறகு தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மூன்று மகள்மாரும் ஒன்றாகக் கூடினார்கள். நடு மகள் முஸ்பிறா ஆட்டோவை விட்டு இறங்கவேயில்லை. றிஸ்னாதான் அழுதுகொண்டே சொன்னாள்.

"ரெண்டு பேரையும் ஒரே வீட்டில வெச்சிப் பார்க்க எங்களுக்கு ஏலாம இரிக்கி உம்மா. என்ட வீடு மேல்மாடி, வாப்பாட முழங்காலுக்குச் சரிவராது. முஸ்பிறாட வீட்டுக்குப் பக்கத்தில அரிசி மில். அந்த உமித்தூசி உங்கட இழுப்புக்கு ஆகாது. அதால வாப்பா மாவடிப்பள்ளி ஊருக்கு, முஸ்பிறாவோட. நீங்க இஞ்சயே நிஹ்லாவோட இரிங்க. வாப்பாதானே அப்பிடி வைக்கச் சொன்னாங்க."

ஸகியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"அல்லாஹ்வே! கணக்கு எண்டு ஏமாத்தி, அந்த மனிசன்ட வாயாலேயே எங்களப் பிரிக்க வெச்சிட்டீங்களே! பாவம், அவருக்கு என்ன தெரியும்?"

மாஸ்டர் உடுப்புப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவியின் அருகே வந்தார்.

"மேல ஏற ஏலாத செய்மதி உலகத்தில எங்க புள்ள இரிக்கி? அண்டைக்கே எனக்கு விளங்கிட்டு. அதான் உன்ன உன்ட வீட்டிலேயே வெச்சன்."