எண்ணூறைத் தாண்டாத லேப்டாப்

"சீக்கிரம் பாருங்கக்கா. வாங்குற ஆள் காத்துட்டிருக்கான்" என்று அவசரப்படுத்தினான் ஷட்ராக்.

நைரோபி லுத்துலி வீதியில் அவன் ஏறி இறங்கிய மூன்று கடைகளின் கடைக்காரர்களும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள்: "மெதுவா ஓடுற லேப்டாப்பா? கெருபோவாலதான் சரிபண்ண முடியும்."

கெருபோ திரையைப் பார்த்தாள். "மூவாயிரம் மெகாஹெர்ட்ஸ்ல ஓட வேண்டிய பிராசசர் எண்ணூறுல நொண்டுது. சூடேறுதான்னு பார்க்கிறேன்."

அடிமூடியைக் கழற்றி விசிறியில் இருந்த தூசியை ஊதினாள். பிராசசர் மேல் சூட்டைக் கடத்தும் புதுப் பசை தடவினாள். வேகம் எண்ணூறைத் தாண்டவில்லை. ஷட்ராக்குக்கு வியர்த்தது.

"இதோட வந்த சார்ஜர் எங்க தம்பி?"

"அது... தொலைஞ்சிடுச்சுக்கா. இது சந்தையில வாங்கினது."

"அதான் விஷயம். சார்ஜரை அடையாளம் தெரியலேன்னா பிராசசர் தானா வேகத்தைக் குறைச்சுக்கும்."

கைப்பையிலிருந்து ஒரு சார்ஜரை எடுத்துச் செருகினாள். எண் கிடுகிடுவென ஏறி மூவாயிரத்தைத் தொட்டது. ஷட்ராக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அக்கா, இந்தச் சார்ஜரை எனக்கே வித்துடுங்க!"

"விக்க முடியாது. போன மாசம் மட்டாட்டு வண்டியில என் பொண்ணு கையிலிருந்து லேப்டாப்பைப் பறிச்சுட்டு ஓடிட்டாங்க. வீட்ல மிஞ்சினது இது மட்டும்தான். இந்தச் சார்ஜர் இல்லாம அது மெதுவாத்தான் ஓடும், எவனாவது கொண்டுவந்தா என்கிட்ட அனுப்புங்கன்னு தெரு முழுக்கச் சொல்லி வெச்சேன். மூடிக்கு உள்பக்கம் அவ பேரை எழுதினது நான்தான். இப்பப் பார்த்தேன், அப்படியே இருக்கு."

ஷட்ராக் வாசல் பக்கம் பாய்ந்தான். அவனை அனுப்பிவைத்த மூன்று கடைக்காரர்களும் வழியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.