இரண்டு படகுக்கு ஓர் ஆள்

“அடுத்த வாரம் இவன் யார் படகுலன்னு இன்னிக்கே தெரிஞ்சாகணும். தோத்தவங்க அப்புறம் பேச்சு மாறக் கூடாது,” என்றாள் அக்கா, பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டியபடி.

“நான் மாற மாட்டேன். நீங்க மாறாம இருங்க அண்ணி, அது போதும்,” என்றாள் அவன் மனைவி. நாத்தனாரிடம் பேசும்போது அவள் குரலில் மரியாதை இருக்கும், பணிவு இருக்காது.

படகுத்துறை மேடையில் நின்றிருந்த அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தலையில் வழுக்கை விழுந்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவனுக்காக இரண்டு பெண்கள் மல்லுக்கு நிற்பதென்றால் சும்மாவா? ஒருத்தி கூடப் பிறந்தவள், இன்னொருத்தி கட்டிக்கொண்டவள். இருந்தாலும் பெருமை பெருமைதானே.

அடுத்த ஞாயிறு பாய்மரப் படகு சங்கத்தின் வருடாந்திரப் போட்டி, படகுக்கு இரண்டு பேர். அக்காவிடம் இருப்பது கேட்டமரான். நம் கட்டுமரம்தான் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, பெயரைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, இரண்டு ஓடங்களைச் சேர்த்துப் பிணைத்த படகாக வந்து நிற்கிறது. மனைவியிடம் இருப்பது ஸ்கிஃப். ஒற்றை ஓடம், ஒல்லி உடம்பு, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய பாய்.

இதில் எது வேகம் என்ற சண்டை அந்தக் குடும்பத்தில் கல்யாணமான நாளிலிருந்து நடக்கிறது. முதலில் அக்காவோடும், போன வருடம் மனைவியோடும் போட்டிக்குப் போனவன் என்பதால், இந்த விஷயத்தில் நியாயம் சொல்லத் தன்னை விட்டால் ஆளில்லை என்பது அவன் எண்ணம். போன வருடம் கடைசித் திருப்பத்தில் ஸ்கிஃப் குப்புறக் கவிழ்ந்ததற்குக்கூடக் காற்றைத்தான் குற்றம் சொல்வான்.

“பக்கக் காத்துல நேரா ஓடினா கேட்டமரானை யாரும் பிடிக்க முடியாது. ஆனா எதிர்காத்துல வளைஞ்சு வளைஞ்சு வரணும் பாரு, அங்க ஸ்கிஃப்...”

“நீ சும்மா இரு!”

“நீங்க சும்மா இருங்க!”

இரண்டு படகிலிருந்தும் ஒரே சமயத்தில் வந்தது. அதிலும் போட்டிதான் என்று அவன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

பந்தயமே அவனை வைத்துத்தான் என்பதால் இன்று அவனுக்கு எந்தப் படகிலும் இடமில்லை. அக்காவோடு அவள் தோழி பல் டாக்டர் ஏறினாள். மனைவியோடு சங்கத்துக்குப் பாய் தைக்கும் பெண் ஏறினாள்.

“ஒத்தை ஓடத்தை வச்சுக்கிட்டு என்கிட்ட மோதாதே. அழுதுடுவே,” என்றாள் அக்கா.

“கேட்டமரானுக்கு என்ன, கொம்பா முளைச்சிருக்கு? தலைகீழா நின்னாலும் இந்தத் தடவை விட மாட்டேன் அண்ணி!”

சங்கச் செயலாளர் விசில் ஊதினார். பக்கவாட்டுக் காற்றில் கேட்டமரான் ஓர் ஓடத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு சீறியது. தூரத்துச் சிவப்பு மிதவையை அக்கா தொட்டபோது ஸ்கிஃப் நன்றாகப் பின்தங்கியிருந்தது. கரையில் இருந்த கேட்டமரான் கோஷ்டி இப்போதே கைதட்டியது.

அதற்குள் காற்று திசை மாறிவிட்டதால் வரும் வழி எதிர்காற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டமரான் முரண்டு பிடித்தது, பாய் படபடத்தது, வேகம் செத்தது. ஸ்கிஃப்போ வெடுக்கென்று திரும்பித் திரும்பி இடைவெளியைத் தின்றுகொண்டே வந்தது. படகு சாயாமலிருக்க மனைவியும் பாய் தைப்பவளும் பாய்மரத்துக் கம்பியில் தொங்கியபடி, முதுகு அலையில் உரச, படகுக்கு வெளியே கிடந்தார்கள்.

கரையை நெருங்கும்போது திடீரென்று ஒரு பலத்த காற்று. ஸ்கிஃப் ஒரேயடியாகச் சாய்ந்தது.

“பாயைத் தளர்த்து! கவிழ்ந்துடும்!” என்று அலறினான்.

“முடியாது!” என்று தண்ணீரிலிருந்து பதில் வந்தது. வீம்புக்குச் சொன்ன வார்த்தை இல்லை அது, உயிரைக் கொடுத்துச் சொன்னது. தனக்காக இவள் இப்படிப் போராடுகிறாளே என்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஸ்கிஃப் கவிழவில்லை. அரைப் படகு நீள வித்தியாசத்தில் முடிவுக் கோட்டைத் தாண்டியது. மனைவி இரண்டு கையையும் தூக்கிக் கத்திய கத்தலில் மேடையே அதிர்ந்தது.

பின்னாலேயே வந்த கேட்டமரானில் அக்கா தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பல் டாக்டர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். சின்ன வயதில் கையைப் பிடித்துக் கடலுக்குக் கூட்டிப்போனவள் ஆயிற்றே, அவனுக்கு மனசு கேட்கவில்லை.

“விடுக்கா. அடுத்த வருஷம் கண்டிப்பா உன் படகுலதான்.”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

அதற்கு மேல் அங்கே நின்றால் தானும் அழுதுவிடுவோம் என்று, தயாராக மாட்டியிருந்த மிதவைச் சட்டையின் வாரை இறுக்கிக்கொண்டு ஸ்கிஃப்பை நோக்கி ஓடினான். வெற்றி பெற்றவள் பக்கத்தில் கம்பீரமாக உட்கார ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கப் போனான்.

மனைவி கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தாள்.

“இங்க எங்க ஏறறீங்க? தோத்தது உங்க அக்காதானே!”