புதுக் கம்ப்யூட்டரில் போன்சு

"உசிர் இருக்குக்கா. ஆனா எந்திரிக்க மாட்டேங்குது" என்று உதட்டைப் பிதுக்கினான் பெம்பா. கறுப்பு உடுத்தியிருந்த பொகுவா நெஞ்சில் கைவைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

படுத்துக் கிடந்தது ஆள் இல்லை, சாஃப்ட்வேர். கானா நாட்டின் குமாசிச் சந்தைக்குப் பின்னால் பெம்பா வைத்திருக்கும் போஸ்டர் கடையில், பழைய கம்ப்யூட்டர் மழைக்காலத்தோடு மண்டையைப் போட்டுவிட்டது. புதிதாக வாங்கியதோ, அவனுடைய பழைய டிசைன் சாஃப்ட்வேரை மூத்தாள் பிள்ளையைப் போல நடத்தியது. திறந்த வேகத்தில் வெளியே தள்ளியது.

பொகுவாவின் கணவர் போன்சு இறந்து வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம். அன்று அவள் கறுப்பைக் களைந்து வெள்ளை உடுத்திச் சபைக்குப் போகவேண்டும். வாசலிலும் தெருமுனையிலும் அவர் முகம் போட்ட நினைவுப் போஸ்டர் தொங்கவேண்டும். சாவுக்கு அடித்த போஸ்டரில் இருந்த அதே படம்தான் வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

காரணம் இருந்தது. கேமராவைக் கண்டாலே விறைத்துப்போகிற மனிதர் போன்சு. அந்த ஒரு படத்தில் மட்டும் வெள்ளைத் துணி போர்த்தி, தலையைச் சற்றே குனிந்து, கனிந்து சிரிப்பார். பிள்ளையில்லாத வீட்டில் அந்தப் போஸ்டருக்குக் கீழே முழந்தாளிட்டு ஜெபிக்கும்போதெல்லாம், அவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று பொகுவாவுக்கு ஓர் ஆறுதல். கூரை ஒழுகி அதுவும் ஊறிக் கிழிந்துபோனது.

அவருடைய துணியெல்லாம் துவைத்து இஸ்திரி போட்டவளுக்கு அந்த வெள்ளைத் துணி மட்டும் ஞாபகத்தில் இல்லை. சபை அறுவடை விழாவுக்கு யாரோ இரவல் கொடுத்தது என்று டுஃபி அப்போதே விளக்கம் சொல்லியிருந்தாள்.

டுஃபி பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி. போன்சு போனபோது பொகுவா தலை தூக்க முடியாமல் கிடந்தாள். படம் தேடிக் கொடுத்து, போஸ்டர் அடித்து, பசை தடவி ஒட்டியதுவரை எல்லாம் டுஃபிதான். அந்தப் படம் இருந்த அவளுடைய போன் பிறகு சந்தையில் திருடுபோய்விட்டது. இனி பெம்பா பென்டிரைவில் எடுத்துவைத்த பழைய ஃபைலை விட்டால் கதியில்லை.

டுஃபியின் மகனுக்கு ஞானத்தாய் பொகுவாதான். பையனின் தகப்பன் இத்தாலிக்குப் போனவன், திரும்பிப் பார்க்கவில்லை என்று கேள்வி. முகம் தெரியாத அந்த ஆளை டுஃபிக்காகப் பொகுவா வாயாரச் சபித்திருக்கிறாள்.

இன்றும் கூடவே வந்து பெம்பாவை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள் டுஃபி. நீயும் பழைய கம்ப்யூட்டர்தான் என்று புதியதை நம்பவைக்கிற வித்தைகளையெல்லாம் அவன் செய்துபார்த்தான். அது நம்பவில்லை.

அதே சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு அதில் இருக்கிறதே, அதில் திறந்தால் என்ன என்று கேட்டாள் டுஃபி. அவன் வேண்டாம் என்றான். பழைய ஃபைலைப் புதிதில் திறந்தால் எழுத்து, சட்டம் என்று பூட்டி வைத்த கட்டெல்லாம் கலைந்துபோகும், தெரிந்தவர் கடையில் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று இழுத்தான். கண் மட்டும் அடிக்கடி டுஃபியிடம் போய்வந்தது.

பொகுவாவுக்குச் சுருக்கென்றது. புது டிசைன் ஒன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறான், செத்தவர் காரியத்திலும் இவனுக்குத் திருட்டுப்புத்தி. தனக்கென்று பேச ஒருத்தியாவது இருக்கிறாளே என்று டுஃபியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுத்து கலைஞ்சா மறுபடி அடிச்சுக்க. எங்களுக்கு அவர் முகம் வந்தாப் போதும். தெற தம்பி" என்றாள் டுஃபி.

"அக்கா, நீங்களா சொல்றீங்க?"

"ஏன், நான் சொல்லக் கூடாதா? படத்தைக் கொண்டாந்து குடுத்தவளே நான்தானே."

பெம்பா ஒரு பெருமூச்சு விட்டு மவுஸைத் தட்டினான். ஃபைல் திறந்தது. எழுத்துகள் கட்டம் கட்டமாகச் சிதறின. போன்சுவின் முகத்தைச் சுற்றியிருந்த முட்டை வடிவச் சட்டம் காணாமல் போயிற்று. சட்டத்துக்கு வெளியே ஒளிந்து கிடந்த மீதிப் படம் திரை முழுக்க விரிந்தது.

போன்சு மாறாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கைகளில் ஒரு பச்சைக்குழந்தை. சிரிப்பு அதற்குத்தான். அவர் தோளில் தலை சாய்த்து, அதே வெள்ளைத் துணியில் தைத்த உடையில் நின்றாள் டுஃபி. குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில் ஒரே வெள்ளைத் துணியில் உடுத்துகிற இரண்டு பேர் யாரென்று குமாசியில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை.

பொகுவா பிடித்திருந்த கையை விட்டாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. ஏதாவது சொல்லடி, பொய்யாகவாவது சொல்லு என்று சிநேகிதியின் முகத்தையே பார்த்தாள்.

டுஃபி அவள் பக்கம் திரும்பவே இல்லை. பெம்பாவைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

"என்னை வெட்டி எறின்னுதானே அன்னிக்கே சொன்னேன்."