முன்வாசல் மட்டும்

நாமக்கல்லில் புதிதாகத் திறந்த அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில், பழைய காலத்துப் பண்ணையார் வீடு ஒன்று பிளைவுட்டில் எழும்பி நின்றது. கூட்டம் உள்ளே நுழைந்து செல்ஃபி எடுத்தது. உண்ணாமலை மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வெளியிலேயே நின்றாள்.

"ஏனுங்க பெரியம்மா, செருப்போடவே போலாமுங்க. வாங்க" என்றாள் வழிகாட்டி தீபிகா.

"இருக்கட்டும் சாமி. கொல்லப்பக்கமா வழி இருக்குதுங்களா?"

"இல்லீங்க. எல்லாரும் முன்வாசல்லதான் நுழையோணும்னு, இதை டிசைன் பண்ணுன சார் கண்டிசனா சொல்லிட்டாருங்க."

"அப்ப நான் இங்கயே நின்னுக்கறேன்."

"இது நெசமான ஊடு இல்லீங்க. வெறும் பலகைதான்."

"தெரியும் சாமி."

தீபிகா வேறு வழியில்லாமல் அந்த சாரையே அழைத்து வந்தாள். கலையரசன் வந்ததும் உண்ணாமலையின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, நீ சாணி அள்ளுன அதே ஊடு. ஒரு தடவையாச்சும் நீ முன்வாசல் வழியா உள்ள போகோணும்னுதான் இதையே கட்டுனேன். வாம்மா."

உண்ணாமலை நிலைப்படியைப் பார்த்தாள். மகன் முகத்தையும் பார்த்தாள்.

"கொஞ்சமாச்சும் மாத்திக் கட்டியிருக்கலாமில்ல, சாமி? அச்சு அசலா அந்த ஊடாவே இருக்குது. காலு வர மாட்டேங்குது."