இந்த வருடச் சிபாரிசு

“என்ன சார், இந்த வருசம் ஒண்ணே ஒண்ணுதானா?”

வரலாற்றுப் பேராசிரியர் செந்தூர்பாண்டி நீட்டிய உறையைப் பார்த்துச் சிரித்தான் காளீஸ்வரன். வருடம் தவறாமல், படிப்பு முடிக்கும் மாணவர்கள் நாலைந்து பேரின் விண்ணப்பங்களோடு அந்தச் சிவகாசி அச்சகத்தின் படியேறுவார் அவர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அப்படி வந்த விண்ணப்பங்களில் ஒன்று காளீஸ்வரனுடையது. இன்று அவன் அங்கே மேலாளர்.

“ஆமா தம்பி, ஒண்ணுதான்.”

“ஏலே காளின்னுதான கூப்பிடுவீக. புதுசா தம்பிங்கீக?”

செந்தூர்பாண்டி டீயை ஆற்றினார்.

உறையைப் பிரிக்காமலே ஓரமாக வைத்தான் காளீஸ்வரன். உள்ளே என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா?

“கோவிச்சுக்கிடாதீக சார். இப்ப மெஷின் தெரிஞ்ச ஆளத்தான் எடுக்கோம். மூணு வருசம் சோழரையும் மொகலாயரையும் படிச்சிட்டு இங்கன வந்து என்ன செய்வாக? காலேஜ் பழைய மாணவர் கூட்டத்துல நானே எந்திரிச்சுச் சொன்னேன்ல, ஹிஸ்டரிய எடுத்துட்டு பேக்கேஜிங் கோர்ஸ் வைங்கன்னு.”

“சொன்னீக. ஜூன்லயே ஆரம்பிச்சுட்டாக. நம்ம வகுப்புல இப்ப அந்தப் பிள்ளைகதான் உக்காந்திருக்காக. நல்லாப் படிக்காக.”

அவர் குரலில் குத்தல் இல்லை. காளீஸ்வரனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“அப்புறம் என்ன சார்?”

“புரூப் பாக்க ஆளு வேணும்ல. போன வருசம் ஆடி அமாவாசையத் தப்பா அடிச்சு, காலண்டர் லோடு பூராவும் திரும்பி வந்துச்சே. இது அமாவாசையும் தெரிஞ்சு ரம்ஜானும் தெரிஞ்ச ஆளு. மெஷினுதான் தெரியாது. கத்துக்கிடலாம்.”

“வீட்டுல ரொம்பக் கஷ்டமோ?”

“சம்பாதிக்கிறது அந்த ஒரு ஆளுதான் தம்பி.”

இதே அறையில் அன்று தனக்காக முதலாளியிடம் அவர் நின்றுகொண்டே பேசியது காளீஸ்வரனுக்கு நினைவு வந்தது. முதலாளி உட்காரக்கூடச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர் கேட்டு இல்லை என்றால் தெய்வத்துக்கே அடுக்காது.

“சரி சார், உங்க முகத்துக்காக. ட்ரெய்னியா எடுத்துக்கிடுதேன். திங்கக்கிழமையே வரச் சொல்லுங்க.”

செந்தூர்பாண்டி கண்ணை மூடிக் கைகூப்பினார். “முருகா” என்று உதடுகள் மட்டும் அசைந்தன.

காளீஸ்வரன் படிவம் ஒன்றை இழுத்துப் பேனாவைத் திறந்தான்.

“இருவத்தஞ்சுக்கு மேல ட்ரெய்னி எடுக்கக் கூடாதுன்னு முதலாளி கண்டிசன். அத மட்டும் மீற முடியாது. பையனுக்கு வயசு என்ன சார்?”

செந்தூர்பாண்டி கூப்பிய கையை மெல்ல இறக்கினார்.

“அம்பத்திமூணு.”