பதினோரு மணிக்குள்

வழிகாட்டி இன்னும் முதல் கொட்டடியையே தாண்டவில்லை. மணி பத்து நாற்பது.

தையல்காரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகளை இந்த இடுப்புக்கும் அந்த இடுப்புக்கும் மாற்றிக்கொண்டே இருந்தாள்.

பதினொன்றுக்குள் இந்தச் சிறை அருங்காட்சியகத்தின் காவல் கோபுரத்து உச்சியில் நிற்க வேண்டும். பதினொன்றேகாலுக்குப் போய் ஒரு பிரயோசனமும் இல்லை. போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான், நுழைவுச்சீட்டும் வீண், அரைநாள் விடுப்பும் வீண்.

தனியாக ஓடிவிடலாம் என்றால் கோபுரத்துச் சாவி வழிகாட்டியின் இடுப்பில் தொங்கியது. மனிதருக்கோ வாய் ஓயவில்லை.

வெள்ளைக்காரன் காலத்துக் கால்விலங்கு எத்தனை எடை, ஒரு நாளைக்கு எத்தனை கூடை கல் உடைக்க வேண்டும் என்று நேரில் நின்று பார்த்தவர் மாதிரி அளந்தார். யாராவது விலங்கை மாட்டிப் பார்க்கிறீர்களா என்று வேறு கேட்டுத் தொலைத்தார். நாலு பேர் வரிசையில் நின்று மாட்டிப் பார்த்தார்கள். அதில் ஆறு நிமிடம் போயிற்று.

புதுமணத் தம்பதி ஒன்று கம்பிக்குப் பின்னால் நின்று, அழுவது போல முகத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டது. தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்து ஐம்பத்திரண்டு. கோபுரத்தை முதலில் காட்டிவிடச் சொல்லி வெட்கத்தை விட்டுக் கெஞ்சினாள்.

“என்னம்மா, இங்க வந்தவங்க எல்லாம் வெளிய போகத்தான் துடிப்பாங்க. நீங்க என்னடான்னா மேல போகத் துடிக்கிறீங்க!”

கூட்டம் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். அவர் சாவியை எடுத்துவிட்டார், அது போதும்.

எழுபத்தெட்டுப் படிகள். பாதியிலேயே மூச்சு வாங்கியது, குழந்தை சிணுங்கியது. அவள் நிற்கவில்லை.

மேலே போனபோது பதினொன்று மூன்று. மற்றவர்கள் ஊர் தெரியும் ஜன்னலுக்குப் போனார்கள். அவள் பின்பக்கத்து ஜன்னலுக்கு ஓடினாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, மதிலை ஒட்டிப் புது ஜெயில்தான் இருக்கிறது என்று வழிகாட்டி பின்னாலிருந்து சொன்னார்.

புது ஜெயிலின் முற்றத்தில் கைதிகளைக் காற்றாட விட்டிருந்தார்கள். பதினொன்றிலிருந்து கால்மணி நேரம்தான், பிறகு உள்ளே அடைத்துவிடுவார்கள். ஐம்பது அறுபது பேர் இருக்கும். ஒரே உடுப்பு, ஒரே மாதிரி ஒட்ட வெட்டிய தலை. இதில் யார் யாரென்று எப்படித் தெரியும்?

உள்ளே போனதிலிருந்து அவள் கணவன் சந்திப்பு அறைக்கு ஒருமுறைகூட வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவேன் என்று சொல்லியனுப்பிவிட்டான். மகளுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. அவன் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

தூரத்திலிருந்தும் தெரியட்டும் என்று பளிச்சென்ற மஞ்சளில் மகளுக்குச் சட்டை தைத்துப் போட்டிருந்தாள். ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் குழந்தையை உயரத் தூக்கிப் பிடித்தாள்.

கீழே ஒருவன் கையை நீட்டிக் காட்டினான். பக்கத்திலிருந்தவன் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் முற்றமே நின்று அண்ணாந்து பார்த்தது. யாரோ கையசைத்தான், யாரோ சீட்டியடித்தான்.

ஒருவன் மட்டும் நிமிரவில்லை.

“அதோ பாரு செல்லம், தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிறாரே, அவருதான் உங்கப்பா.”