முதலாவது டிஜிட்டல் வியாபாரி

“பில் மெசின் இல்லாத கடையில இனி எங்கட ஒபிஸ் ஒரு பேனையும் வாங்காது, அசனார் நானா. சொல்லிப்போட்டன்.”

அரச ஒபிஸ் ஒன்றின் களஞ்சியப் பொறுப்பாளர் சாமித்தம்பி கடை மேசையில் தட்டிச் சொன்னார். பன்னிரண்டு வருடமாக அந்த ஒபிஸ் கடதாசி, கோப்பு எல்லாம் அசனாரின் கடையில்தான் எடுக்கிறது. அது நின்றால் காத்தான்குடியில் அந்தக் கடைக்குப் பூட்டு மட்டும்தான் மிச்சம்.

“வரி பில் அடிச்ச கையோட கொழும்புக்குப் போயிரும். பிறகு ஆராலயும் மாத்த ஏலாது. களவுக்கு இடமே இல்ல.”

அன்றிரவே றமீஸா இரண்டு காப்பைக் கழற்றிப் புருசன் அசனாரிடம் கொடுத்தாள்.

“அடகுக்கடைக்காரன்ட பில்லும் கொழும்புக்குப் போகுமா?” என்று மட்டும் கேட்டாள்.

மெசின் வந்தது. சாமித்தம்பி ரிப்பன் வெட்டி, ‘முதலாவது டிஜிட்டல் வியாபாரி’ என்று சான்றிதழும் கொடுத்து, நேர்மையைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார். கேட்டவர்கள் நாலு பேர். அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். பேச்சை நம்பியவர் ஒருவர்தான்: அசனார்.

திங்கட்கிழமை முதல் ஓடர். ஐந்து கட்டுக் கடதாசி. அசனார் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, பில்லை எடுத்துப் பெருமையோடு நீட்டினார்.

சாமித்தம்பி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்ன நானா, அஞ்சு எண்டு கிடக்கு?”

“அஞ்சுதானே சேர் எடுத்தீங்க.”

“எடுத்தது அஞ்சு. நாம வழமையா எழுதுறது இருபதெல்லோ?”

“இருபது எண்டு அடிச்சா இருபதுக்கும் நான்தானே வரி கட்டோணும் சேர்.”

“சரி, இத அழிச்சுப்போட்டுக் கையால எழுதுங்க.”

“ஏலாது. கொழும்புக்குப் போயிட்டு. நீங்கதானே சொன்னீங்க.”

சாமித்தம்பி ஐந்து கட்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பி மேசையில் வைத்தார். றோட்டைக் கடந்து, எதிரே முத்தலிப்பின் கடதாசிக் கடைக்குள் ஏறினார். கூட்டங்களில் பேசிப் பழகிய குரல். அசனாரின் கடை வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

“முத்தலிப் நானா, எவன் வந்து என்ன சொன்னாலும் அந்த மெசினை மட்டும் வாங்கிப்போடாதீங்க.”